உயர்த்திய கை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு ராக் இசைக்குழு கலைந்துபோனால் அதன் ரசிகர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தார்கள். ஏன் என்னை அழைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்கே தெரியும். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அதைக் கண்டவரிடமெல்லாம் சொல்லி அலுப்பூட்டிய பெருமையும் உண்டு. இன்று உங்கள் முறை.

2011 செப்டம்பர் 21. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய ஆர்.இ.எம். என்ற குழு தன் இணையதளத்தில் சில வரிகளை வெளியிட்டது. காலமெல்லாம் நண்பர்களாக இருந்துவரும் நாங்கள், குழு என்ற அளவில் இத்துடன் முடித்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறோம், எங்கள் இசை யாருடைய மனத்தையாவது தொட்டிருந்தால், கேட்டதற்கு நன்றி. அதன் சாரம் இவ்வளவுதான். 31 ஆண்டுகள், 15 ஆல்பங்கள், ஒரு சிறிய பத்தி.

படித்ததும் நண்பன் ஒருவனைத் தொலைபேசியில் அழைத்தேன். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அந்தக் குழுவின் ஒலிநாடாவை முதன்முதலில் என் கையில் கொடுத்தவனே அவன்தான். செய்தியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. அழுகிறானோ என்றுகூட நினைத்தேன். பிறகு கேட்டான்: "அடடா! அவர்கள் இன்னும் பாடிக்கொண்டா இருந்தார்கள்?"

அன்று அவன்மேல் எனக்கு வந்த கோபம் ஆறச் சில வாரங்கள் ஆயின. ஆனால் அவன் கேட்டதில் தவறில்லை. அவனுக்கு ஆர்.இ.எம். 1997லேயே முடிந்துபோயிருந்தது. 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த கச்சேரியில், டிரம்ஸ் வாசித்த பில் பெர்ரி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மேடையிலேயே சரிந்தார். பிழைத்து மீண்டும் வாசித்தார். ஆனாலும் இரண்டரை ஆண்டுகள் கழித்து, போதும் என்று விலகிக்கொண்டார். மீதி மூவர் தொடர்ந்தார்கள். மூன்று கால் நாயும் நாய்தானே என்றார் பாடகர் மைக்கேல் ஸ்டைப். என் நண்பனுக்கு அந்த நாய் வேண்டாம். நால்வர் இருந்தால் குழு, இல்லையென்றால் இல்லை.

ரசிகர்களிடம் இது வழக்கம். குழு அறிவிக்கும் தேதி ஒன்று, ரசிகன் தன் மனத்தில் குறித்துவைத்திருக்கும் தேதி வேறொன்று. சிலர் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மனத்தளவில் கைகழுவிவிட்டு, பெயருக்கு ரசிகராக இருப்பார்கள். வேறு சிலர் குழு கலைந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் கலையவில்லை என்றே நடந்துகொள்வார்கள். நான் இரண்டாம் வகை.

குழு கலைந்த செய்தி வந்த நாளில் நமக்கு ஆறுதல் சொல்பவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "அதனால் என்ன, பாட்டுகள் இருக்கின்றனவே!" நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் இது பொருந்தாத ஆறுதல். பாட்டுகள் எங்கும் போகவில்லை என்று எனக்கும் தெரியும். அவை அலமாரியில் இருக்கின்றன. போனது வேறு ஒன்று. போனது காத்திருப்பு.

ஒரு குழுவின் ரசிகனாக இருப்பதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். ஒரு ஆல்பம் வந்து அடுத்தது வர இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு. ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார்களாம் என்று ஒரு வதந்தி. முதல் பாட்டு மட்டும் முன்கூட்டி வெளிவரும். அதைக் கேட்டுவிட்டு "முன்பு போல் இல்லையே" என்று முகம் சுளிப்போம். ஆறாவது முறை கேட்கும்போது பிடித்துவிடும். அதற்கும் முன்னால் நாமே வெளியில் சொல்லிவைத்த விமர்சனத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியாமல் விழிப்போம். 2004இல் ஆர்.இ.எம். ஓர் ஆல்பம் வெளியிட்டது. சோர்ந்துபோன ஆல்பம். கிதார் வாசித்த பீட்டர் பக்கே அதைப் பிற்பாடு குறை சொன்னார். அந்த ஏமாற்றத்தையும் நான் விரும்பினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அடுத்ததில் சரிசெய்துவிடுவார்கள் பார் என்று சொல்லிக்கொண்டு நான்கு ஆண்டு காத்திருந்தேன். ஓரளவு சரியும் செய்தார்கள். தேர்வில் தோற்ற பிள்ளையின் தகப்பன் மாதிரி எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. குழு கலைந்த அன்று அந்தப் பிடிவாதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை 'புதிய ஆல்பம்' என்று இருந்தது ஒரே இரவில் 'கடைசி ஆல்பம்' ஆகிவிடுகிறது. அதில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனாலும் கேட்க வேறு மாதிரி இருக்கும். சும்மா எழுதியிருந்த வரிகள் எல்லாம் விடைபெறுவது போல ஒலிக்கும். ஒரு பாட்டு மெல்லத் தேய்ந்து முடிந்தால், அட, அப்போதே சொல்லிவிட்டார்களே என்று தோன்றும். ரசிகர்கள் அந்த வாரம் முழுக்கத் துப்பறிவாளர்களாக மாறிவிடுவார்கள். பெரும்பாலும் இல்லாததைத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் இந்தக் குழுவின் விஷயத்தில் உண்மையிலேயே ஒன்று இருந்தது. அவர்களுடைய கடைசி ஆல்பம் 2011 மார்ச்சில் வந்தது. அட்டையில் மூவரின் புகைப்படம். அதில் ஸ்டைப் ஒரு கையை உயர்த்தியிருக்கிறார். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை, ஆறு மாதம், அந்த அட்டை என் மேசைமேல் கிடந்தது. தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்து ஒரு வட்டக் கறைகூட ஏற்படுத்திவிட்டேன். கையை உயர்த்தியிருப்பதைப் பார்த்து, புகைப்படக்காரரிடம் ஏதோ சொல்கிறார் என்றோ, கேட்பவர்களை வரவேற்கிறார் என்றோ நினைத்திருந்தேன். உண்மையில் எதுவும் நினைக்கவில்லை. குழு கலைந்த பிறகு ஒரு பேட்டியில் ஸ்டைப் சொன்னார்: நான் அதில் விடைபெற்றுக் கையசைக்கிறேன், யாருக்கும் அது புரியவில்லை. படித்ததும் போய் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் விரிந்த கை. அதற்குமேல் எப்படித்தான் சொல்வார் ஒரு மனிதர்?

ஏன் கலைந்தார்கள் என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை. சண்டை இல்லை. 1996இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தோடு ஐந்து ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 8 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஐந்தாவது ஆல்பத்தோடு ஒப்பந்தம் தீர்ந்தது. தொடக்கம் முதலே, யார் எழுதினாலும் பாட்டு எல்லார் பெயரிலும் இருக்கும், வருமானமும் சமமாகப் பிரியும் என்று வைத்துக்கொண்டவர்கள். பல குழுக்களைக் கவிழ்த்தது பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கணக்குதான். அந்தக் கணக்கே இவர்களிடம் இல்லை. விருந்தில் எப்போது எழுந்து கிளம்ப வேண்டும் என்று தெரிந்திருப்பது ஒரு திறமை என்பதுபோல ஸ்டைப் ஒரு விளக்கம் கொடுத்தார். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ரசிகனுக்கு இது சங்கடம். சண்டையிட்டுப் பிரிந்தவர்கள் என்றால் என்றாவது சமாதானம் ஆவார்கள் என்று நம்பலாம். சண்டையே இல்லாமல் பிரிந்தவர்களை எதைச் சொல்லிச் சேர்த்துவைப்பது?

கோபப்படுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடுவதில் ரசிகர்கள் செய்த மிகப் பெரிய அநியாயம் பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் நால்வர் குழுவின் விஷயத்தில் நடந்தது.

1970 ஏப்ரல் 10. பால் மெக்கார்ட்னி தன் தனி ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு ஒரு கேள்வி பதில் குறிப்பு அனுப்பினார். ஜான் லெனனோடு சேர்ந்து மறுபடியும் பாட்டு எழுதுவீர்களா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் இல்லை என்று பதில். அன்று காலை லண்டன் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில், பீட்டில்ஸிலிருந்து பால் விலகினார் என்று கொட்டை எழுத்தில் செய்தி. சேவில் ரோ தெருவில் 3ஆம் எண் கட்டடம் குழுவின் அலுவலகம். அதன் வாசலில் ரசிகர்கள் கூடி அழுதார்கள்.

அந்த வாசலுக்கு ஒரு கதை உண்டு. வெயில், மழை பார்க்காமல் தினமும் அங்கே வந்து நின்ற சில பெண்கள் இருந்தார்கள். 'ஆப்பிள் ஸ்கிரஃப்ஸ்' என்று பெயர். ஆப்பிள் என்பது குழுவின் நிறுவனம், ஸ்கிரஃப்ஸ் என்றால் பரட்டைகள் என்று சொல்லலாம். தங்களுக்குள் உறுப்பினர் அட்டை வைத்திருந்தார்கள், சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தினார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நால்வரில் ஒருவரைப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுது நல்ல பொழுது. ஜார்ஜ் ஹாரிசன் அதே ஆண்டில் வெளியிட்ட தன் ஆல்பத்தில் அவர்களைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார். வாசலில் நின்றவர்களுக்கு அதைவிடப் பெரிய சம்பளம் யாரும் தந்ததில்லை.

அந்தப் பெண்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 1969 செப்டம்பரிலேயே, நான் விலகுகிறேன் என்று லெனன் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். இசைத்தட்டு நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் பேசி முடித்த வேளை அது. வெளியில் மூச்சுவிட வேண்டாம் என்று அமுக்கிவைத்தார்கள். ஆக, சுமார் ஏழு மாதம், இல்லாத ஒரு குழுவுக்காக அவர்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். என் ஆறு மாத அட்டை எந்த மூலைக்கு?

குழு ஏன் உடைந்தது? மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் இறந்துபோனார். அதன்பின் பணத்தை யார் பார்த்துக்கொள்வது என்று தகராறு. மூவர் ஆலன் கிளைன் என்பவரை நம்பினார்கள். மெக்கார்ட்னி தன் மாமனார் வீட்டு வக்கீல்களை நம்பினார். 1970 டிசம்பர் 31 அன்று அவர் மற்ற மூவர்மேலும் வழக்குத் தொடர்ந்தார். ஆனால் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதுபோல, லெனனின் மனைவி யோகோ ஓனோவின் தலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வேற்று நாட்டுப் பெண், பாட்டுப் பதிவு அறையில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது போதுமே. 2012இல் மெக்கார்ட்னியே, குழுவை உடைத்தது அவர் இல்லை என்று ஒரு பேட்டியில் சொன்னார். பழி சுமத்தி நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது. அதைக் கேட்டு வருத்தம் தெரிவித்த ரசிகரை நான் சந்தித்ததில்லை.

ஏன் வெளியாள் ஒருவர் தேவைப்படுகிறார்? ரசிகன் பாட்டை மட்டும் விரும்புவதில்லை. அந்த நால்வர் ஒருவரோடொருவர் கொண்ட நட்பையும் விரும்புகிறான். அட்டைப் படத்தில் தோளோடு தோள் நிற்கிறார்களே, அந்த நட்பை. அவர்கள் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள் என்றால் அந்தப் படம் பொய்யாகிவிடும். வெளியாள் வந்து கெடுத்தார் என்றால் படம் தப்பித்தது.

போகிற போக்கில் ஒன்று. பீட்டில்ஸ் கலைந்ததற்கு ரசிகர்கள் அழுதது 1970இல். சட்டப்படிக் குழு கலைந்தது 1975 ஜனவரியில். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் லெனன். 1974 டிசம்பரில், புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து போட்டார். இந்தக் கதைக்கு இப்படி ஒரு முடிவை நானாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அழுதவர்களைப் பார்த்து உலகம் சிரித்தது. எப்போதும் சிரிக்கும். 1996 பிப்ரவரியில் டேக் தட் என்ற பிரிட்டிஷ் குழு கலைந்தது. அது ராக் குழு இல்லை, பையன்கள் சேர்ந்து ஆடிப் பாடும் குழு. அதன் ரசிகைகள் பதின்வயதுப் பெண்கள். அவர்களுக்காகத் தொலைபேசி ஆலோசனை எண்கள் ஏற்படுத்த வேண்டியிருந்தது. அதைப் பல காலம் நகைச்சுவையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தன் அணி தோற்றதற்காக ஐம்பது வயது ஆண் ஒருவர் விளையாட்டு அரங்கில் தேம்பினால் அது உணர்ச்சிமிக்க புகைப்படம். பதினைந்து வயதுப் பெண் தேம்பினால் பைத்தியமா?

இந்த உறவுக்கு அறிஞர்கள் 1956லேயே பெயர் வைத்துவிட்டார்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நேயர்கள் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். (என் குரலைக் கேட்டு அப்படி யாரும் நெருங்க மாட்டார்கள் என்று நிலையத்தாருக்கு நான் உறுதி தருகிறேன்.) அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் முழுக் கதை அதுவல்ல. ஸ்டைப் என் நண்பர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தப் பாட்டுகளால் எனக்குக் கிடைத்த நண்பர்கள் வேறு. புதிய ஆல்பம் வந்தால் இரண்டு ஆண்டாகப் பேசாதவன்கூட அழைப்பான். "கேட்டாயா?" என்பான். குழு கலைந்ததோடு அந்த அழைப்புகளும் நின்றன. சண்டை ஒன்றுமில்லை. அழைக்கக் காரணம் இல்லை, அவ்வளவுதான்.

கடைசிக் கச்சேரி எது என்று தெரிந்து போய் நிற்பது பெரும் பேறு. ஆர்.இ.எம். கடைசியாக முழுக் கச்சேரி நடத்தியது 2008 நவம்பர் 18, மெக்சிகோ நகரில். அது கடைசி என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று பாதியில் கிளம்பியவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

கனடா நாட்டவர்களுக்கு வேறு மாதிரி அமைந்தது. டிராஜிகலி ஹிப் என்ற குழுவின் பாடகர் கோர்ட் டௌனிக்கு மூளையில் புற்றுநோய், குணப்படுத்த முடியாதது என்று 2016 மே மாதம் அறிவித்தார்கள். அறிவித்துவிட்டு, இருந்தாலும் சுற்றுப்பயணம் போகிறோம் என்றார்கள். ஆகஸ்ட் 20 அன்று, குழு பிறந்த கிங்ஸ்டன் ஊரிலேயே கடைசிக் கச்சேரி. அந்த நாட்டின் பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி விளம்பரம் இல்லாமல் நேரடியாக ஒளிபரப்பியது. சுமார் 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள், அந்த நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். பிரதமர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். மேடையில் இருப்பவருக்கும் தெரியும், கீழே இருப்பவருக்கும் தெரியும். ஒருவரும் நடிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் டௌனி காலமானார்.

அதே மாதத்தில் லாஸ் ஏஞ்சலீஸில், பாடகர் செஸ்டர் பென்னிங்டனை இழந்த லிங்கின் பார்க் ஒரு கச்சேரி நடத்தியது. ஒரு பாட்டுக்குப் பாடகர் நிற்கும் இடத்தைக் காலியாகவே விட்டார்கள். வாத்தியம் மேடையில் ஒலிக்க, குரல் முழுவதும் கீழே நின்ற கூட்டத்திலிருந்து எழுந்தது. 2024இல் அந்தக் குழு புதிய பாடகியோடு திரும்பி வந்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். என்னை இரண்டு தரப்பிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வருவது பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் ஒயேசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு மேடையேற வேண்டிய நேரத்தில் திரைக்குப் பின்னால் அண்ணன் தம்பி சண்டை முற்றியது. இவர்கள் வரமாட்டார்கள் என்ற சேதியை முந்திப் பாடிய வேறொரு குழுவின் பாடகர் சொல்லித்தான் கூட்டம் தெரிந்துகொண்டது. அன்று இரவே அண்ணன் நோயல், லியமோடு இனி ஒருநாள்கூட வேலை செய்ய முடியாது என்று எழுதிவிட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், மீண்டும் சேர்கிறோம் என்று அறிவிப்பு. டிக்கெட்டுக்காக மணிக்கணக்கில் கணினி முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு, முறை வரும்போது விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. திட்டினார்கள். திட்டிக்கொண்டே வாங்கினார்கள். 2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் அண்ணனும் தம்பியும் கைகோத்து மேடைக்கு வந்தபோது, பெரிய ஆண்கள் தோளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அழுதார்கள் என்று சொல்கிறார்கள். அது பொய்யான கண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்கள் பாடியது எல்லாம் பழைய பாட்டுகள். காத்திருப்பு திரும்பவில்லை, ஞாபகம்தான் திரும்பியது.

இவ்வளவு வியாக்கியானம் செய்கிற நான், 2024 ஜூனில் என்ன செய்தேன் தெரியுமா? ஆர்.இ.எம். நால்வரும், ஆமாம், விலகிய பில் பெர்ரியும் சேர்த்து, ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்கு ஒன்றாக உட்கார்ந்தார்கள். மறுபடி சேர என்ன நடக்க வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு வால்நட்சத்திரம் வர வேண்டும் என்று சிரித்தார்கள். ஜூன் 13 அன்று நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில், யாரும் எதிர்பாராமல், நால்வரும் எழுந்து 'லூசிங் மை ரிலிஜன்' என்ற ஒரே ஒரு பாட்டைப் பாடினார்கள். ஒரு பாட்டு. அந்தக் காட்சியை அன்றைக்கு எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். கல்லூரி நண்பனை அழைத்தேன். எடுத்ததும் அவன் சொன்னான்: "நால்வரும் இருந்தார்கள், பார்த்தேன்." பத்து நிமிடம் பேசினோம். அவன் குரலும் சரியாக இல்லை.

அக்காவின் மகள் பதினாறு வயதுக்காரி. எங்கிருந்தோ இந்தக் குழுவைக் கண்டுபிடித்திருக்கிறாள், என்னிடமிருந்து அல்ல. பதினைந்து ஆல்பத்தையும் ஒரே மாதத்தில், வரிசையெல்லாம் பார்க்காமல் கேட்டு முடித்துவிட்டாள். 2004 ஆல்பம் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். வாதாடிப் பார்த்தேன், பயனில்லை. அவளுக்கு எதற்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, எதுவும் கலையவும் இல்லை. போன மாதம் வந்தபோது என் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். தேநீர்க் கறை படிந்த அந்தக் கடைசி அட்டை கையில் கிடைத்தது. ஸ்டைப் பேட்டியில் சொன்னது அவளுக்குத் தெரியாது. ஒரு தடவைதான் பார்த்தாள்.

"யாருக்கு மாமா டாட்டா காட்டுகிறார்?" என்றாள்.

எனக்குத்தான் என்றேன்.

வணக்கம்.